வயல் கணக்கும் ஊர் வருமானமும்: வாசகர் கேள்வி – பதில்

அரிவிவெட்டு (நெல் அறுவடை) நடக்கும் நாள்களில் வட இலங்கையின் வன்னியிலிருந்து இந்தக் கேள்வி – பதில் பகுதிக்குக் கடிதங்கள் அதிகம் வருவதில்லை. நெல் விற்று, கடைக்கடனும் நகை அடகும் ஒருவாறு தீர்ந்த பிறகு, பங்குனியில் அவை சேர்ந்தாற்போல் வந்து விழும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை வயல் ஊருக்கு எதைத் தருகிறது என்பதைப் பற்றியே கேட்டிருப்பதால், அவற்றுக்கே இவ்விதழை ஒதுக்குகிறேன்.

கேள்வி: நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு சுமார் 8 வீதம் என்று பாடத்தில் படித்தோம். எங்கள் ஒழுங்கையில் இருபது வீடுகள் உள்ளன. அவற்றில் பதினைந்து வயலை நம்பியே அடுப்பெரிக்கின்றன. பாடம் சரியா, ஒழுங்கை சரியா?
— உயர்தர மாணவி, கிளிநொச்சி

பதில்: இரண்டும் சரி. அந்த 8 வீதம் முழு நாட்டுக்குமான கணக்கு. நாட்டின் உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு மேல் மாகாணத்தில் மட்டும் உருவாகிறது. வட மாகாணத்தின் பங்கு 4 முதல் 5 வீதம். மத்திய வங்கி இதனை மாகாண வாரியாக வெளியிடுகிறதே ஒழிய மாவட்ட வாரியாக வெளியிடுவதில்லை. ஆகவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கும் யாழ்ப்பாணத்தோடு சேர்ந்து ஒரே எண்ணுக்குள் ஒளிந்துகொள்கின்றன. உங்கள் ஒழுங்கையை அந்த எண்ணில் தேடினால் கிடைக்காது.

இதைவிட முக்கியமானது, எதை விவசாயம் என்று எண்ணுகிறார்கள் என்பது. உற்பத்திக் கணக்கில் ஒரு துறையின் பங்கு என்பது அது விற்ற பொருளின் முழுப் பெறுமதி அன்று; விதை, பசளை, மருந்து, டீசல் போன்ற வெளியிலிருந்து வாங்கியவற்றைக் கழித்த பின் எஞ்சுவதே அதன் பங்கு. ஒரு கமக்காரர் ஓர் ஏக்கரில் 1,500 கிலோ நெல் எடுத்து, கிலோ 120 ரூபாவுக்கு விற்றார் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையில் வந்தது 180,000 ரூபா. அந்த முழுத் தொகையையும் வயல் தந்தது என்று அவர் நினைப்பார். புள்ளிவிபரக்காரரோ பசளைக் கடைக்கும் எரிபொருள் நிரப்பு நிலையத்துக்கும் போனதைக் கழித்துவிட்டு மிகுதியையே விவசாயத்தின் பெயரில் எழுதுவார். அந்த நெல்லை ஏற்றிய லொறி போக்குவரத்துத் துறையில் வரும். குற்றிய ஆலை கைத்தொழிலில் வரும். அரிசியை விற்ற கடை வணிகத்தில் வரும். அடகு பிடித்த வங்கி நிதிச் சேவையில் வரும். வயல் இல்லாவிட்டால் இவர்களில் எத்தனை பேருக்கு உங்கள் ஊரில் வேலை இருக்கும் என்பதை அந்த 8 வீதம் சொல்லாது. சொல்வதற்காக அது கணிக்கப்படவும் இல்லை.

2021 இல் இதனை நாம் கண்ணால் கண்டோம். அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடையை நீக்கியபோது, மாரி மழையோடு செய்யும் காலபோக நெல்லின் விதைப்பு முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. 2021/22 காலபோகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்தைய காலபோகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்தது. எங்கள் சந்தியில் முதலில் வெறிச்சோடியது பசளைக் கடை அன்று. சைக்கிள் திருத்தும் கடையும் தையல் கடையும்தான். அவர்கள் இருவரும் எந்தக் கணக்கிலும் விவசாயிகள் அல்லர்.

இன்னுமொன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கும் உதவும். நாட்டில் தொழில் செய்வோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் விவசாயத்தில் இருக்கிறார். நான்கில் ஒரு பங்கினர் சேர்ந்து 8 வீதத்தை உற்பத்தி செய்கிறார்கள் என்றால், ஒருவர் தலைக்கு வரும் பெறுமதி நாட்டின் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு அளவே. விவசாயத்தில் வேலை இருக்கிறது, வருமானம் இல்லை என்று ஊரில் சொல்வதன் எண்வடிவம் இது. ஆனாலும் ஒரு எச்சரிக்கை: தொழிற்படை மதிப்பீட்டில், கேட்கப்படும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் தொழில் உள்ளவரே. மாசியில் அறுவடை வயலில் நின்றவரை ஆவணியில் போய்க் கேட்டால் வேறு விடை வரும்.

கேள்வி: அறுவடை மெசின் வந்து கூலி வேலையை விழுங்கிவிட்டது. இதைக் கட்டுப்படுத்த முடியாதா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: விழுங்கியது உண்மை. பத்துப் பதினைந்து பேர் விடியற்காலையில் இறங்கி, பொழுதுசாயக் கரையேறிய ஓர் ஏக்கரை, நிலம் காய்ந்திருந்தால் மெசின் ஒரு மணித்தியாலமளவில் வெட்டி, அடித்து, தூற்றி மூடையில் கொட்டிவிடுகிறது. வெட்டு, கதிர் கட்டு, சூடு வைப்பு, சூடடிப்பு என்று முன்பு நான்கு வேலைகளாக இருந்தவை ஒன்றாகச் சுருங்கிவிட்டன.

ஆனாலும் மெசினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. 2009 இற்குப் பிறகு மீள்குடியேறியபோது, பல வீடுகளில் வயலில் இறங்கக்கூடிய ஆண் ஆள் இருக்கவில்லை. இருந்த இளைஞர்களில் ஒரு பகுதியினர் வெளிநாடு போனார்கள், இன்னொரு பகுதியினர் கட்டட வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். ஆள் பிடிக்க முடியாமல் கதிர் சாய்ந்து, மழையில் முளைத்த வயல்களைப் பார்த்தவர்கள் மெசினைத் தேடிப் போனதில் வியப்பில்லை. என் கவலை வேறு. முன்பு அரிவிவெட்டுக் கூலி ஊருக்குள்ளேயே பத்து வீடுகளுக்குப் பிரிந்து போயிற்று. இப்போது அதே செலவு ஒரே கையில் மெசின் வாடகையாகக் கொடுக்கப்படுகிறது. மெசின் வெளிமாவட்டத்திலிருந்து வந்ததானால், அந்தப் பணமும் மெசினோடு லொறியில் ஏறிப் போய்விடுகிறது. மெசின் ஊர்க் கமக்காரர் அமைப்புக்கோ கூட்டுறவுக்கோ சொந்தமானதாக இருந்தால், ஓட்டுநர், உதவியாளர், திருத்துநர் என்று சிலருக்காவது இங்கே சம்பளம் நிற்கும். தடை செய்வது பற்றிப் பேசுவதை விட, யாருக்குச் சொந்தம் என்று பேசுவது பயன் தரும்.

கேள்வி: ஐயா, விதைப்பு முதல் அறுவடை வரை கணவரோடு நானும் வயலில் நிற்கிறேன். களை பிடுங்குவதும் கச்சான் (நிலக்கடலை) ஆய்வதும் என் வேலை. வீட்டுக்கு வந்த உத்தியோகத்தர் படிவத்தில் எனக்கு "வீட்டுப்பணி" என்று எழுதிப் போனார். நான் விவசாயி இல்லையா?
— வாசகி, விசுவமடு

பதில்: நீங்கள் விவசாயிதான், அம்மா. சம்பளம் பெறாமல் குடும்பத்தின் வயலில் வேலை செய்பவருக்கு "பங்களிக்கும் குடும்பத் தொழிலாளர்" என்று புள்ளிவிபரத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. அதில் பெரும்பான்மையினர் பெண்கள். குறை பெரும்பாலும் பிரிவில் இல்லை, கேள்வி கேட்கப்படும் விதத்தில் இருக்கிறது. படலையில் நிற்கும் கணவரிடம் "மனைவி என்ன செய்கிறா?" என்று கேட்டால், "அவ வீட்டிலை சும்மாதான் இருக்கிறா" என்று அவர் சொல்லிவிடுவார்; அப்போது அந்த "சும்மா" இருப்பவர் கச்சான் கொடியை உதறிக்கொண்டு பின்வளவில் நிற்பார். அடுத்த முறை நீங்களே வந்து விடை சொல்லுங்கள்.

படிவத்தில் எழுதப்படுவது வெறும் மரியாதைப் பிரச்சினை அன்று. கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ, அவருடைய கணக்குக்கே பசளை மானியம் போகும். அவரே கமக்காரர் அமைப்பில் வாக்களிப்பார். பயிர் அழிந்தால் இழப்பீட்டுக்கு விண்ணப்பிப்பவரும் அவரே. நெற்செய்கைக்கான மானியம் 2024 இன் பிற்பகுதியில் ஹெக்டயருக்கு 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கணவரை இழந்த ஒரு பெண், காணி கணவரின் பெயரிலோ மாமனாரின் பெயரிலோ இருப்பதனால், அதைப் பெற அலுவலகம் அலுவலகமாக அலைவதை வன்னியில் காணலாம். இங்குள்ள வயற்காணிகளில் பெரும்பகுதி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டது. பின்னுரித்து (வாரிசு) வரிசையில் ஆண்பிள்ளைகளை முன்னிறுத்திய அச்சட்டம் 2022 இல் தான் திருத்தப்பட்டது. உங்கள் அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளராக யாருடைய பெயர் இருக்கிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் ஒருமுறை பார்த்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் நெல்லை நெல்லாகவே தெற்கிலிருந்து வரும் லொறிகளுக்கு ஏற்றிவிடுகிறோம். பிறகு பொலனறுவை என்று எழுதிய பையில் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறோம். இதனால் வன்னிக்கு எவ்வளவு நட்டம்?
— கமக்காரர், உருத்திரபுரம்

பதில்: இவ்விதழில் வந்தவற்றுள் நான் மிகவும் விரும்பிய கேள்வி இது, ஆகையால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரும். இருபது கிலோ அளவு உமி. மிகுதி தவிடும் குறுநொயும். 2025 பெப்ரவரி முதல் வாரத்தில் அரசாங்கம் ‘நாடு’ என்ற வகை நெல்லுக்கு (நாட்டு நெல்லுக்கு) அறிவித்த உத்தரவாத விலை கிலோ 120 ரூபா. அந்த வகையில் நூறு கிலோவுக்கு 12,000 ரூபா. அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2024 டிசம்பரில், நாட்டரிசிக்கு விதித்த உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபா; 65 கிலோவுக்கு 14,950 ரூபா. இடைவெளி 2,950 ரூபா. தவிடும் உமியும் இந்தக் கணக்கில் இல்லை. அவிப்பதற்கு விறகு, மின்சாரம், ஆள் கூலி, பை, போக்குவரத்து எல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் அடங்க வேண்டும் என்பதால், இதை முழு இலாபமென்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் அந்த ஆள் கூலி யாருடைய ஊரில் கொடுக்கப்படுகிறது, அந்தத் தவிடு யாருடைய மாட்டுக்கும் கோழிக்கும் போகிறது என்பதே உங்கள் கேள்வி. நெல் ஏறிய லொறியில் இவை எல்லாமே ஏறிப் போகின்றன. பிறகு வன்னியில் மாடு வளர்ப்பவர் தவிட்டை விலைக்கு வாங்குகிறார்.

ஏன் நெல்லாகவே போகிறது என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. மாசி மாதம் ஒருநாள் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் நின்று பார்த்தாலே போதும். தார் ஓரத்தில் படங்கு விரித்து நெல் காய்கிறது. கமக்காரர் வாரியால் கிளறிக்கொண்டே வானத்தைப் பார்க்கிறார். வியாபாரி மோட்டார் சைக்கிளை நிறுத்தி, செருப்போடு படங்கின் ஓரத்தில் குந்தி, அடிநெல்லில் கையை விட்டு ஒரு பிடி அள்ளுகிறார். ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிக்கிறார். காய்ந்த நெல் "டக்" என்று முறியும். அது முறியாமல் நசிகிறது. "ஈரம் கிடக்குது அண்ணை. மூடைக்கு மூண்டு கிலோ கழிப்பம்" என்கிறார். ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்பட்ட நெல்லை அரச களஞ்சியம் ஏற்காது என்பது இருவருக்கும் தெரியும். மேற்கே மேகம் கறுக்கிறது. உழவுக்கூலியும் பசளைக்கடனும் நாளைக்கே கொடுக்க வேண்டும். அண்ணை மூன்று கிலோவுக்கும் சம்மதிக்கிறார்.

நான் பார்த்த அந்தப் பேரத்தில் தீர்மானித்தது நெல்லின் தரம் அன்று. காயவிட இடமும் காத்திருக்கப் பணமும் இல்லாமை. காத்திருக்க முடிந்தவருக்கே நெல் விலை ஏறும். ஆலை வைத்திருப்பவருக்கும் இதே சங்கடம்தான்: ஆண்டு முழுவதும் ஆலை ஓடவேண்டுமானால், ஆறு ஏழு வாரங்களுக்குள் ஓராண்டுக்கான நெல்லைக் காசு கொடுத்து வாங்கிக் குவிக்க வேண்டும். தெற்கின் பெரிய ஆலைக்காரரிடம் அதற்கான வங்கிக் கடன் வசதி இருக்கிறது. வன்னியின் சிறு ஆலைக்காரரிடம் இல்லை. அதனால் மாசி, பங்குனியில் ஓடி, ஆனிக்குள் நெல் முடிந்து, பூட்டிக் கிடக்கும் ஆலைகள் நம்மிடம் உள்ளன. புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதை விட, இருக்கும் ஆலைக்கு ஒரு நெல் உலர்த்தியும் அறுவடைக் காலத்தில் குறைந்த வட்டிக்கு ஆறு மாதத் தவணைக் கடனும் கிடைத்தால் அதிகம் நடக்கும் என்பது என் கருத்து. அடிக்கல்லில் பெயர் பொறிக்கலாம், உலர்த்தியில் பொறிக்க இடமில்லை என்பதுதான் அதிலுள்ள இடைஞ்சல் போலும்.

கேள்வி: இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுப்பதைக் கிளிநொச்சியார் எதிர்த்தது தன்னலம் இல்லையா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: குடிநீர் கேட்டவரிடமும் நியாயம் உண்டு; ஆகவே நிதானமாகவே விடை சொல்ல வேண்டும். கனகராயன் ஆற்றை மறித்து, 1920களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட இரணைமடுவின் கீழ் ஏறக்குறைய 21,000 ஏக்கர் வயல் இருக்கிறது. காலபோகத்தில் மழையும் சேர்ந்துகொள்வதால் அது முழுவதும் விதைக்கப்படும். மழை குறைந்த சிறுபோகத்தில் அப்படியன்று: சித்திரையில் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, அரச அதிபர் (மாவட்டச் செயலாளர்) தலைமையில் கூட்டம் கூடி, இவ்வளவு ஏக்கர்தான் என்று தீர்மானித்து, காணிக்காரர்களுக்கு இடையே பங்கு பிரிப்பார்கள். மூன்று ஏக்கர் உள்ளவர் சில ஆண்டுகளில் ஓர் ஏக்கரோடு திருப்திப்பட வேண்டியிருக்கும். காலபோகம் கடனை அடைக்கும், சிறுபோகமே கையில் காசாக நிற்கும் என்பது இப்பகுதிக் கமக்காரர் பலரின் அனுபவம். துருசு (மதகு) திறக்கும் நாள்களின் எண்ணிக்கைதான் வைகாசி முதல் ஆவணி வரை இங்கே எத்தனை பேருக்கு நாட்கூலி கிடைக்கும் என்பதை முடிவு செய்கிறது. கூலிக்காரருக்கு அந்தக் கூட்டத்தில் கதிரை இல்லை. ஆனால் தண்ணீர் குறைந்தால் முதலில் வேலை போவது அவருக்கே.

இந்தப் பின்னணியில், குளத்தை உயர்த்திப் புனரமைத்த பிறகும் கமக்காரர் அஞ்சியதை வெறும் தன்னலம் என்று தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணத்துக்கென வடமராட்சி கிழக்கில் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் மின்சாரச் செலவு கனதியானது. தண்ணீர்ச் சண்டையின் செலவோடு ஒப்பிட்டால் பெரிதன்று என்றே எனக்குப் படுகிறது.

கேள்வி: 2020 இல் உழுந்து கிலோ ஆயிரம் ரூபாவையும் தாண்டியதைக் கண்டு மூன்று ஏக்கர் மேட்டுக்காணியிலும் உழுந்து போட்டேன். இன்னும் கூட்டலாமா?
— வாசகர், நெடுங்கேணி

பதில்: கூட்டுவதற்கு முன் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் 1970களின் மிளகாயைப் பற்றிக் கேளுங்கள். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் குடியேறிய இளைஞர்கள் செத்தல் மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டினார்கள். உழவு இயந்திரம் வாங்கினார்கள். 1977 இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. மண்ணும் மாறவில்லை, மழையும் மாறவில்லை; மாறியது கொழும்பில் ஒரு கையொப்பம். உங்கள் உழுந்து விலையும் 2020 இறக்குமதிக் கட்டுப்பாட்டில் பிறந்த விலையே. கடையில் தோசையும் வடையும் சுருங்கியதை நாம் மறக்கவில்லை.

உழுந்து நல்ல பயிர். மண்ணுக்கு நல்லது, மழையை நம்பியே மூன்று மாதத்தில் முடிந்துவிடும், ஆய்வதற்கு ஆள் தேவைப்படுவதால் ஊருக்குக் கூலியும் தரும். தையில் பிந்தி மழை பெய்தால் நெற்றிலேயே முளைத்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. இரண்டு ஏக்கரில் உழுந்தும் ஒன்றில் கச்சானுமாகப் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: மகனுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிடைத்திருக்கிறது. படித்தால் வேலை கிடைக்குமா?
— வாசகி, முழங்காவில்

பதில்: அந்தப் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது, வீட்டிலிருந்து அதிக தூரமில்லை, அனுப்புங்கள். அரசாங்கப் பதவி ஒன்றுக்காகவே காத்திருப்பதானால் காத்திருப்பு நீளலாம். விதை உற்பத்தி, நெல் உலர்த்தல், கோழித்தீவனம் ஆகியவற்றில் இங்கே ஆள் போதாது.

கேள்வி: நான் வெளிநாட்டில் பிறந்தவன். தாத்தா புசல் என்கிறார், மாமா மூடை என்கிறார், நீங்கள் கிலோ என்கிறீர்கள். எது எவ்வளவு?
— வாசகர், ரொறன்ரோ

பதில்: நெல்லுக்கு ஒரு புசல் 46 இறாத்தல்; அதாவது ஏறக்குறைய 21 கிலோ. மூடைக்குச் சட்டப்படியான அளவு கிடையாது. பையும் கட்டுபவரும் மாற அதுவும் மாறும். மாமா நெல் விற்கும்போது மூடையை எண்ணாமல் தராசைப் பார்க்கச் சொல்லுங்கள்.